ஊருக்கே ஒரு பாஸ்வேர்டு

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் பதினாறு வருஷமாகக் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். சாதிச் சான்றிதழ், பயிர்க் காப்பீடு, ஆதாரில் விலாசம் மாற்றுவது, காலேஜ் விண்ணப்பம் என்று எல்லாவற்றுக்கும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் என்னிடம் வருவார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். வேலை சுத்தம் என்றும் சொல்வார்கள். இரண்டும் சரிதான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாஸ்வேர்டு விஷயத்தில் ஓர் ஏற்பாடு வைத்திருந்தேன். எதைத் திறந்தாலும் எட்டு எழுத்து வேண்டும், அதில் ஒன்று பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி என்று கேட்கும். காடு கழனி வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறி வந்தவரிடம் இதையெல்லாம் யோசிக்கச் சொல்லவா முடியும்? முதலில் ஊர்ப்பேர், நடுவில் அட் குறி, கடைசியில் பிறந்த வருஷம். அவ்வளவுதான். அதை ஒரு நீள நோட்டில் ஊர்வாரியாக எழுதிவைத்துக்கொள்வேன். "நீயே வச்சிரு தாயி, எனக்கு எங்க நெனப்பு நிக்கப்போவுது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வெளியூர் கிளம்புகிறவர்கள் வீட்டுச் சாவியை எதிர்க்கடையில் கொடுத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். அந்த வீட்டு ஆள் யார் வந்து கேட்டாலும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார். இதையும் நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அரைத் தாலுகா என் மேசை டிராயருக்குள் இருக்கிறது என்று வீட்டில் பீற்றிக்கொண்டதும் உண்டு.

ஒரு ஆடி மாதம் நாகலாபுரத்திலிருந்து ஒரு பெண் தன் அப்பாவோடு வந்தாள். பிளஸ் டூவில் நல்ல மார்க். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு எந்தெந்தக் காலேஜ் வேண்டும் என்று வரிசைப்படுத்திப் போட வேண்டும். ஒரு காகிதத்தில் எழுதியே கொண்டுவந்திருந்தாள். முதலிடத்தில் சென்னைக் காலேஜ். அவள் மார்க்குக்கு அது கிடைத்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. அப்பா பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். அவளிடம் போன் இல்லை, அதனால் அப்பா நம்பரைக் கொடுத்தாள். பாஸ்வேர்டு என் வழக்கப்படி. நோட்டில் ஏற்றினேன். "கடைசி நாள் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் மாத்தலாம்ட்டி. அதுக்கப்புறம் கடவுளே வந்தாலும் முடியாது" என்று சொல்லி அனுப்பினேன்.

கடைசி நாள் மத்தியானம் அப்பா மட்டும் வந்தார்.

"மவ சொல்லிவிட்டா தாயி. மொத எடத்துல இங்கன உள்ள காலேஜப் போட்டுரணுமாம்."

நோட்டை எடுத்தேன், பாஸ்வேர்டைப் பார்த்து அடித்தேன். அவர் போனுக்கு ஓடிபி வந்தது. ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். வரிசையை மாற்றிப் பூட்டினேன். மொத்தமே ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். "நல்ல காரியம். பொம்பளப்புள்ள வீட்டுல இருந்தே போய்ட்டு வரும்லா" என்று வேறு சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

காலேஜ் ஒதுக்கீடு வெளியான அன்றைக்கு அந்தப் பெண் தனியாக வந்தாள். திரையைப் பார்த்தாள். ஏதோ தப்பாக வந்திருக்கிறது என்று முதலில் நினைத்தாள்.

"யாரு மாத்துனதுக்கா?"

"நாந்தான். ஒங்கப்பா வந்து கேட்டாவ. நீ சொல்லிவிட்டன்னு சொன்னாவளே."

அவள் சொல்லிவிடவில்லை. அது அவள் முகத்திலேயே தெரிந்தது. அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளாக்கா?" என்றாள். பிறகு நோட்டைக் கேட்டு வாங்கி, நாகலாபுரம் பக்கத்தில் தன் பெயரைத் தேடிப் பிடித்து, பேனாவால் அடித்தாள். தாள் கிழிகிற மாதிரி அடித்தாள். "இனிமே என்னய இதுல எழுதாதீய" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கிடைத்த இடம் வேண்டாம் என்றால் அடுத்த சுற்றுக்குக் காத்திருந்து பார்க்கலாம். வீட்டில் அதற்கு விடவில்லை. நாலு வருஷம் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி என் கடையைத் தாண்டித்தான் காலேஜுக்குப் போனாள். ஒருநாள்கூட இந்தப் பக்கம் தலை திரும்பவில்லை. எனக்குக் குற்ற உணர்ச்சி இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவள் பெயரை அடித்துவிட்டுப் போன வாரமே நோட்டை வெந்நீர் அடுப்பில் போட்டேன். அதற்குப் பிறகுதான் வேறு வழி யோசித்தேன். பாஸ்வேர்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கும் ஆப் இருக்கிறது, போனில் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். இங்கே வீட்டுக்கு ஒரு போன். அது அண்ணன் கை, மாமன் கை, பக்கத்து வீட்டுக்காரி கை என்று போய்க்கொண்டே இருக்கும். அது சரிப்படாது. கடைசியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு சொல், கேட்கிற பெரிய எழுத்தும் எண்ணும் குறியும் அதற்குள் எங்கேயாவது என்று வைத்தேன். ஊர்ப்பேர், பிள்ளைப்பேர், குலசாமி பேர் கூடாது. அவரவரே யோசித்து அவரவரே அடிக்க வேண்டும். மறந்துவிடும் என்றால் தாளில் எழுதி வீட்டில் நிலப் பத்திரம் வைக்கிற பெட்டியில் வைக்கட்டும். என்னிடம் வேண்டாம். அவர்கள் அடித்து முடிக்கிறவரை நான் வாசல்படியில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

ஏச்சுக்குக் குறைவில்லை. "பெரிய கலெக்டர் ஆபீசு நடத்துதா, ரகசியமாம்லா!" என்று ஒரு அண்ணாச்சி சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். பிறகு உள்ளே போய், ஒற்றை விரலால் அடித்துக்கொண்டே தன் நாலு சொல்லையும் ஒவ்வொன்றாக உரக்கச் சொன்னார். பக்கத்து டீக்கடையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. "வெளங்கிரும்! மொதல்ல இருந்து மாத்தும்" என்று இன்னொரு தடவை போடவைத்தேன்.

படிப்பு முடிந்த பிறகு ஒருநாள் அந்த நாகலாபுரத்துப் பெண் உள்ளே வந்தாள். வேலைக்கு விண்ணப்பம் போட வேண்டும், அவள் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. கையில் சொந்தப் போன் இருந்தது. பாஸ்வேர்டு கேட்கிற இடம் வந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். அவள் சொல்வதற்கு முன்னால் எழுந்து வாசல்படிக்குப் போனேன். உள்ளே வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தாள். போகும்போது, "வாரேங்க்கா" என்றாள். எனக்கு அதுவே போதும் போலிருந்தது.

போன ஐப்பசியில், நல்ல மழைக்கு மறுநாள், அவள் அப்பா வந்தார். கால் இரண்டிலும் கணுக்கால் வரை கரிசல் மண் அப்பியிருந்தது. உள்ளே வரவில்லை, படியில் நின்றார்.

"மவ வேலைக்குப் போய் ரெண்டு மாசம் ஆவுது தாயி. அவ அம்மாட்ட மட்டும் பேசுதா. எந்த ஊரு, எந்தக் கம்பெனின்னு எங்கிட்ட சொல்லாதன்னுட்டாளாம். ஒங்க கம்ப்யூட்டர்லதான வேலைக்கு எழுதிப் போட்டா? தொறந்து பாத்துச் சொல்லேன்."

"எனக்குப் பாஸ்வேர்டு தெரியாதுண்ணாச்சி."

"நோட்டுல இருக்கும்லா?"

"நோட்டே இல்ல. இப்ப யாரோடதும் எங்கிட்ட இல்ல."

நான் பொய் சொல்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தார். பிறகு படியின் ஓரத்தில் காலைத் தேய்த்துத் தேய்த்து மண்ணை வழித்தார். அது போகவில்லை. நிமிராமலே பேசினார்.

"அன்னைக்கும் இப்படித் தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்லா தாயி. நான் பேசாம வீட்டுக்குப் போயிருப்பேன். அவ இன்னைக்கு எங்கிட்டப் பேசிக்கிட்டிருப்பா."

"ஆமாண்ணாச்சி, சொல்லியிருக்கணும்" என்றேன்.