மீனின் வாயைப் பார்க்காத நாள்

கொடுவா மீனைத் தோணிக்குள் போட்டதும் முதலில் அதன் வாயைத்தான் பார்க்க வேண்டும். மேல் உதட்டில் தூண்டில் முள் ஏறியிருந்தால் மீன் கீழேயிருந்து வந்து கௌவியிருக்கிறது. வாயோரத்தில் ஏறியிருந்தால் பின்னால் துரத்தி வந்து திரும்பும்போது பிடித்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அடுத்த சுற்றுக்கு நூலைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்வோம். இருபது வருடமாக நான் அப்படித்தான் செய்தேன். ஒரு நாள் பார்க்கவில்லை.

எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கடல்நீர் கலக்கிற வாவி. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். நான் ஆற்றுக்காரன். கடலுக்குப் போனதில்லை.

வலை போடுகிறவர்கள் நிறையப் பேர். நான் நூல் இழுக்கிறவன். சாப்பாட்டுக் கரண்டியின் பிடியை வெட்டிவிட்டு, இரண்டு முனையிலும் துளை போட்டு, ஒன்றில் தூண்டில் முள்ளையும் மற்றதில் தங்கூசி என்கிற நைலோன் நூலையும் கட்டுவோம். முப்பது பாகம், அதாவது முப்பது கைவிரிப்பு நூலைப் பின்னால் விட்டுத் தோணியை வலித்துக்கொண்டு போனால் கரண்டி தண்ணீருக்குள் சின்ன மீன் மாதிரி மினுங்கிப் புரளும். கொடுவா பார்த்துக்கொண்டிருக்காது.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் சவள் என்கிற துடுப்பை வலிக்க, ஒருவன் நூல் பிடிக்க. வலிக்கிறவன் ஒரே வேகத்தில் வலிக்க வேண்டும். நின்றால் கரண்டி சேற்றில் இறங்கிவிடும். ஓடினால் மேலே வந்துவிடும். தனியே போகிறவன் நூலைக் கால் பெருவிரலில் சுற்றிக்கொள்வான். மீன் அடித்தால் விரல் அறுபடும்.

எனக்கு வலித்தவன் என் மச்சான். தங்கச்சியின் புருசன். வாகரைப் பக்கத்து ஆள். எங்கள் பகுதியில் கலியாணம் முடித்தால் ஆம்பிளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுக்கு. நானும் அப்படித்தான் இரண்டு ஒழுங்கை தள்ளி மனைவி வீட்டுக்கு வந்தேன். கடற்கரைப் பக்கம் இருந்த எங்கள் அம்மாவின் வீடு தங்கச்சிக்குப் போனது. மச்சான் அதற்குள் வந்தான். எங்கள் ஊரில் அவனுக்கென்று இருந்தது அவள் வீடு, அவள் கிணறு, அவள் அண்ணன். அவ்வளவுதான்.

அவன் வலித்தால் தோணி தண்ணீரில் இருப்பதே தெரியாது. வாய் மட்டும் ஓயாது.

"மச்சான், நூல் புடிக்கிறியா, நித்திர கொள்றியா?"

"உன்ட சத்தத்தில மீனும் நித்திர கொள்ளாது. பொத்திக்கிட்டு வலி."

மீன் பட்டால் தலை வலித்தவனுக்கு. அது எங்கள் வழக்கம். தலையை ஆணத்துக்குப் போட்டு அந்தக் குழம்பைக் குடித்தால் தோள் நோவு போகும் என்பார்கள். எப்போதும் அவன்தான் வலித்தான். எப்போதும் தலை அந்த வீட்டுக்குத்தான் போனது. தங்கச்சி வாசல் படலையில் நின்று சொல்வாள்.

"தலைய இவருக்குத் தந்திட்டு முழு மீனையும் நீங்க கொண்டு போறிங்க அண்ணன். நல்ல நியாயந்தான்."

கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையும் நாங்கள் ஆற்றில்தான் இருந்தோம். ஒரு மீன் பட்டிருந்தது.

"போவம் மச்சான். அவ புட்டு அவிச்சிட்டுப் பாத்துக்கிட்டு இரிப்பா" என்றான்.

"இன்னொரு சுத்து" என்றேன்.

அந்தச் சுற்றில்தான் ஆறு உயர்ந்தது. காற்று இல்லை, மழை இல்லை. கடல் பக்கத்துத் தென்னைகளுக்குள்ளால் தண்ணீர் கறுப்பாக வந்தது. வேலிகள் வந்தன. ஒரு கதவு நிமிர்ந்தபடி வந்தது. தோணியைத் தூக்கிக்கொண்டுபோய் மேற்குக் கரைச் சேற்றில் நிற்கிற கண்ணாப் பற்றைக்குள் செருகியது. நாங்கள் திரும்பி வந்தபோது பின்னேரம்.

தங்கச்சியின் வீடு இருந்த இடம் மணல். கிணற்றுக் கட்டு நின்றது. கிணற்றுக்கால் மரத்தில் ஒரு கொழுக்கி தொங்கியது. வாளி அறுந்து விழுந்தால் எடுக்கிற கொழுக்கி, மூன்று முள் உள்ளது. அந்த வீட்டில் மிஞ்சிய சாமான் அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் தேடினோம். கிடத்தியிருந்த ஒவ்வொருவரையும் பார்த்தோம். அவள் இல்லை. றோட்டைத் தாண்டி ஆற்றுப் பக்கம் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனதைக் கண்டதாக ஒருத்தி சொன்னாள். வேறு ஒன்றும் தெரியவில்லை.

சுனாமி போய் முப்பத்தோராம் நாள் வந்தது. படம் ஒன்றை வைத்து ஈமக் கடமை செய்வோம் என்றேன்.

"உடம்பக் காணாம எப்பிடி மச்சான் செய்யிற?" என்றான்.

"எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறாங்க."

"செய்யட்டும்."

அவன் வரவில்லை. நான்தான் செய்தேன். அன்றிலிருந்து எனக்கு அவன் மேல் ஒரு கசப்பு.

அந்த நாட்களில் ஊரில் யாரும் மீன் தின்னவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறந்து சொல்லமாட்டோம். பருப்பும் நிவாரண அரிசியும்தான். தோணிகள் கரையில் கிடந்தன.

ஒரு நாள் காலை ஆற்றில் ஒரே ஒரு தோணி தெரிந்தது. மச்சான். பின்னால் நூல் போகிறது. பெருவிரலில் சுற்றியிருந்தான். அடுத்த நாளும் அப்படி. அதற்கடுத்த நாளும்.

கரையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் கேட்டே விட்டார்.

"என்னகா, உங்கட ஆளுக்கு மீன் ஆசை தாங்கேலாம வந்திட்டோ?"

என் மனைவி என்னிடம், "போய் என்னெண்டு கேளுங்கவன். அந்தப் பிள்ள ஒண்ணும் திண்டமாதிரியும் தெரியல்ல" என்றாள்.

நான் போகவில்லை. கரையில் இருந்து பார்த்தேன். அவன் வலிப்பு சரியில்லை. மிகவும் மெல்லப் போனான். நிற்பான். போன வழியே திரும்புவான். அப்படி இழுத்தால் கரண்டி சேற்றில்தான் கிடக்கும். துக்கத்தில் தோள் விட்டுப்போனது என்று நினைத்தேன். இருபது வருடம் நூல் இழுத்தவன் நினைத்த நினைப்பு அது.

ஒரு வாரம் கழித்து அவன் தோணியில் மீன் கிடந்தது. பெரிய கொடுவா. ஐந்து கிலோ வரும். கரையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். நான் இறங்கிப் போனேன். முழங்கால் தண்ணீரில் நின்று சொன்னேன்.

"பொண்டாட்டியத் திண்ட மீன நீ திண்ணப் போறியா?"

அவன் சவளைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்தான். வாய் ஓயாதவன்.

அவன் பேசாமல் நின்றது எனக்கு இன்னும் சூடு ஏற்றியது.

"அவளும் இல்ல, வீடும் இல்ல. இனி உனக்கு இந்த ஊர்ல என்ன கிடக்கு?"

தோணிக்குள் ஏறி மீனைக் காலால் தள்ளித் தண்ணீருக்குள் போட்டேன். அது செத்த மீன். மல்லாந்து மிதந்தது. அப்போது அதன் விலாவில் கிழிந்த காயத்தைக் கண்டேன். கண் கண்டது. புத்தி காணவில்லை. வாயை நான் பார்க்கவேயில்லை.

அவன் தோணியைக் கரைக்கு இழுத்தான். என் மனைவியின் வளவுக்குக் கொண்டுவந்து மரத்தடியில் கவிழ்த்து வைத்தான். அவளிடம், "வாறன் அக்கா" என்றான். முல்லைத்தீவில் அவனுக்கு ஒரு சொந்தக்காரர் கடற்தொழில் செய்தார். அங்கே போய்விட்டான் என்று பிறகு தெரிந்தது.

அந்த வருடம் முடிய முன்னரே ஊரில் எல்லோரும் மீன் தின்னத் தொடங்கினார்கள். நானும் தின்றேன்.

சண்டை திரும்பத் தொடங்கியது. ஆற்றில் இறங்க ஆமிக்காரர் நேரம் வைத்தார்கள், பாஸ் வைத்தார்கள். ஒரு மாரிக்கு முன் மனைவி சொன்னாள்.

"அந்தத் தோணிய நிமித்திப் பாருங்க. கறையான் திண்டு முடிக்கப் போகுது. அவர் வந்து கேட்டா என்ன சொல்லுற?"

நிமிர்த்தினேன். குறுக்குப் பலகைக்குக் கீழே நூல் சுற்றிய கட்டை செருகி இருந்தது. தங்கூசி இல்லை, தடித்த கயிற்று நூல். கரண்டித் தகடு இல்லை. முனையில் கிணற்றுக் கொழுக்கி. மூன்று முள்ளும் துருப்பிடித்திருந்தன. அது அடியில் கிடப்பதற்காக வலை ஈயம் ஒரு பிடி சேர்த்துக் கட்டியிருந்தான்.

நான் அங்கேயே இருந்துவிட்டேன். மெல்ல வலித்தது, நின்றது, திரும்பியது எல்லாம் விளங்கியது. அவன் மீன் பிடிக்கவில்லை. அவளைத் தேடி ஆற்றின் அடியை அரித்துக்கொண்டு போயிருக்கிறான். அந்தக் கொடுவா வாயால் கௌவவில்லை. கொழுக்கி போன வழியில் கிடந்து விலாவில் கொழுவிக்கொண்டது. வாயைப் பார்த்திருந்தால் அங்கே காயம் இல்லை என்று கண்டிருப்பேன். நூல் இழுக்கிற எவனும் கண்டிருப்பான்.

மனைவி வந்து பார்த்தாள். கொழுக்கியைக் கையில் எடுத்தாள்.

"இது அவவின்ட கிணத்துக் கொழுக்கியெல்லோ?" என்றாள்.

அவனுக்குச் சொல்லி அனுப்ப வழி இல்லை. முல்லைத்தீவுக்குப் பாதை பூட்டியிருந்தது. வன்னியில் இருந்து வந்த செய்தி எல்லாம் செத்தவர்களின் செய்தி. சண்டை முடிந்த பிறகு, அவன் உயிரோடு வவுனியா முகாமில் இருக்கிறான் என்று ஒருவர் வந்து சொன்னார். போய்ப் பார்க்கலாம், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பேசலாம் என்றார். நான் போகவில்லை. வயல் வேலை என்று சொன்னேன். என்னிடம் வயல் இல்லை.

மறு வருடம் ஆடி அமாவாசைக்கு அவனே வந்தான். அமிர்தகழியில் மாமாங்கத் தீர்த்தத்தில் முழுகி அவளுக்குக் கடமை செய்தான். ஐந்து வருடத்துக்கு மேல் போயிருந்தது. பக்கத்தில் நான் நின்றேன். அவனுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. ஒரு காது சரியாகக் கேட்கவில்லை.

அன்று என் மனைவி வீட்டில் படுத்தான். விடியத் தேத்தண்ணீர் குடித்துவிட்டு, "ஆத்துக்குப் போவமா மச்சான்?" என்றான்.

"போவம்."

"நான் வலிக்கிறன். நீ நூலப் புடி."

பழையபடி வலித்தான். தோள் அப்படியே இருந்தது. பேச்சுத்தான் இல்லை. நான் சொல்ல வேண்டியதை வாய்க்குள் வைத்துக்கொண்டு நூலைப் பிடித்திருந்தேன். இரண்டு கரைக்கும் நடுவில் நாங்கள் இரண்டு பேர்தான். அதைவிட நல்ல இடம் கிடைக்காது. முதல் சுற்று முடிந்தது. இரண்டாம் சுற்றில் சொல்லலாம் என்று இருந்தேன்.

மீன் அடித்தது. இழுத்துத் தோணிக்குள் போட்டேன். நடுத்தரக் கொடுவா. வாயைப் பார்த்தேன். மேல் உதட்டில் முள் ஏறியிருந்தது. அவனும் குனிந்து பார்த்தான்.

"கீழ இருந்து வந்திரிக்கி" என்றான்.

"ஓம்."

கரைக்கு வந்ததும் தலையை வெட்டி அவன் பக்கம் நீட்டினேன்.

"வலிச்சவனுக்கு" என்றேன்.

"வேணாம் மச்சான். நான் மீன் தின்னுறல்ல."

"எப்ப இருந்து?"

அவன் ஆற்றுத் தண்ணீரில் கையை அலம்பினான். "அண்டையில இருந்துதான்" என்றான்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மீன் தலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். காகம் ஒன்று வந்து பக்கத்தில் இருந்தது. அதற்குப் போட்டேன்.

கல்முனை றோட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். அவன் கேட்காத காதை என் பக்கம் வைத்து நின்றான். பிறகு திரும்பினான்.

"என்ட தோணி கிடக்கா?"

"கிடக்கு."

"நிமித்திப் பாத்தியா?"

"ஓம். பாத்தன்."

தலையை ஆட்டினான். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டான். நான் என்ன கண்டேன் என்று அவனுக்குத் தெரியும். கண்ட பிறகும் நான் ஒன்றும் சொல்லவில்லை என்றும் தெரியும். அதன் பிறகு அவன் வரவில்லை. வடக்கில் ஒரு தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற வேலை என்று கேள்வி.

தோணிக்கு வருடாவருடம் தார் பூசுகிறேன். கொழுக்கியைத் துரு போக்கி, எண்ணெய் பூசிக் குசினிக் கூரை வளையில் தொங்கவிட்டிருக்கிறேன். போன மாதம் எங்கள் வாளி கயிறறுந்து கிணற்றுக்குள் விழுந்துவிட்டது.

"உதுக்குத்தானே அது தொங்குது, எடுத்துக் கொண்டு வாங்கவன்" என்றாள் மனைவி.

நான் பக்கத்து வளவுக்குப் போய் அவர்களுடைய கொழுக்கியை இரவல் கேட்டேன்.