இருபத்து மூன்று மீட்டர்

மீன்வள அலுவலகத்தில் அவளுக்கு வேலை, ஏரியை அளப்பது. ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத் தண்ணீரில் இறக்குவாள். மீட்டருக்கு ஒரு சிவப்புத் துணி முடிச்சு. எத்தனை முடிச்சு முழுகியது என்று நோட்டில் எழுதுவாள். ஊருக்கே அவள் கயிறக்கா.

கணவர் அதே ஏரியில் படகு விடுகிறவர். சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம், ஏரிக்கு அடியே கிடையாது, நடுவில் படகைவிட நீளமான கெளுத்தி ஒன்று கிடக்கிறது என்று பன்னிரண்டு வருடமாக அளந்துகொண்டிருந்தார். அவரும் ஒருவகையில் அளக்கிற ஆள்தான். அவள் அதுவரை அளந்ததெல்லாம் கரையோரம் மட்டுமே என்பதால் குடும்பம் சண்டையில்லாமல் ஓடியது.

படகுத்துறையில் ஏரியின் ஆழமும் மீன் வகைகளும் எழுதிப் பலகை வைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஏரி முழுவதையும் அளந்தாக வேண்டும். அலுவலகப் படகில் ஓட்டை. உன் வீட்டுக்காரர் படகுதான் இருக்கிறதே என்றார் அதிகாரி.

இஞ்சி தின்ற குரங்கு போன்ற முகத்தோடு கணவர் துடுப்புப் போட்டார். மூன்று ஓடைகள் வந்து சேரும் தெற்குப் பக்கம் வெறும் முழங்கால் ஆழம். கோரைப்புல்லுக்குள் கெண்டைகள் முட்டையிடும் இடம். நடு ஏரியில் பதினைந்து மீட்டர். வடக்கே பாறை செங்குத்தாக நீருக்குள் இறங்குகிறது. அங்கே முடிச்சுகள் போய்க்கொண்டே இருந்தன. அவர் முகம் மெல்ல மலர்ந்தது. இருபத்து மூன்றாவது முடிச்சில் கயிறு தொய்ந்தது.

"குண்டு போயி மீனோட முதுகுல உக்காந்துருக்கு," என்றார் அவர்.

"மீன்னா நகரணும்ல?"

"தூங்குது."

அரைமணி நேரம் காத்திருந்தார்கள். கயிறு அசையவில்லை. நல்ல அசதி போலிருக்கிறது என்றார். வெயில் காலத்தில் அவ்வளவு ஆழத்தில் மீன் மூச்சு விடப் பிராணவாயுவே இருக்காது என்று அவள் விளக்கியபோது, உன்னிடம் கேட்டுத்தான் அது மூச்சு விடவேண்டுமா என்று கோபித்துக்கொண்டார்.

பலகை வந்த நாளிலிருந்து அவர் அவளோடு பேசவில்லை. வேண்டியதையெல்லாம் அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். மாமியாருக்குக் காது மந்தம். மகன் ஒருமுறை துண்டு கேட்க, அவளிடம் வந்து சேர்ந்தது பூண்டு. ஒரு பூண்டை எடுத்து வந்து அவர் தோளில் வைத்துவிட்டுப் போனாள்.

படகுக்கும் கூட்டம் குறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியோடு வந்த தொப்பிக்காரர் ஒருவர் பலகையைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இருபத்து மூணுதானா? இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?"

முடிச்சுகளுக்குப் புதுச் சிவப்புத் துணி வாங்கக் கடைக்குப் போய்க்கொண்டிருந்த கயிறக்கா நின்றுவிட்டாள். அளந்தது அவள்தான், ஆனாலும் வேற்று மனிதர் வாயிலிருந்து அது வந்தபோது, பெற்ற பிள்ளையைக் குள்ளம் என்று சொன்னது போலச் சுருக்கென்றது.

"ஏழு மாடிக் கட்டடம் முழுகும் சார்," என்றாள். "படகுல ஏறுங்க, காட்டுறேன்."

கணவர் படகை அவிழ்த்தார். அவள் பாறையைக் காட்டினாள். கலங்கிய தண்ணீரில் கெளுத்தி மீசையாலேயே தடவி இரை தேடுவதைச் சொன்னாள். கோரைப் பக்கம் திரும்பியபோது சிவப்பாக ஒரு கொத்து நீர்மட்டத்தில் கொப்பளித்தது. விரால் குஞ்சுகள். அவை மூச்சு வாங்க மேலே வருகின்றன, கீழே அப்பாவும் அம்மாவும் காவல் நிற்கின்றன என்றாள். தொப்பிக்காரரின் மனைவி, அப்பாவுமா என்று கேட்டுவிட்டுத் தன் கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

படகு நின்றுவிட்டதை அப்போதுதான் கவனித்தார்கள். படகுக்காரர் துடுப்பை விட்டுவிட்டுக் குஞ்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்று அவர்களைக் கோரைக்குள் தள்ளியிருந்தது.

"பன்னெண்டு வருஷமா இது மேலதான் போயிட்டு வரேன்," என்றார், பல நாள் கழித்து நேராக அவளிடமே. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கல."

அவரால் அதற்குமேல் துடுப்புப் போட முடியவில்லை. குனிந்து குனிந்து தண்ணீருக்குள் பார்த்தார். கயிறக்காதான் மூவரையும் கரை சேர்த்தாள், இரண்டு தடவை கரைப் பாறையில் இடித்து.