மரியம்மை ஏலம் விட்ட மாடி அறை

லாட்ஜ் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கடைசி நேரத்துல ரூமை கேன்சல் பண்ணினா அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கணுமாண்ணே?" நான் சட்டம் படித்தவன் அல்ல. எனக்கு இந்தப் பாடம் கிடைத்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில், கன்னியாகுமரியில், ஓணம் லீவில். நினைத்தால் இன்றைக்கும் கை தட்டத் தோன்றுகிறது!

அப்போது நான் ஒரு சின்ன லாட்ஜில் கிளார்க். பெயர்தான் கிளார்க். சாவி கொடுப்பது, பெட்டி தூக்குவது, வெந்நீர் போடச் சொல்வது, முதலாளியிடம் ஏச்சு வாங்குவது எல்லாமே என் டிப்பார்ட்மெண்ட். முதலாளி நாஞ்சில் நாட்டு வயல்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் கைக்கு வந்த காசில் உடும்புப் பிடி. இன்னொரு கிறுக்கும் அவருக்கு உண்டு. கோயில் தேங்காயோ வாழைக்குலையோ, எங்கே ஏலம் நடந்தாலும் முன்னால் போய் நிற்பார். தேவையே இல்லாத பொருளையும் கேட்டு எடுத்துவிட்டு வந்து வீட்டில் திட்டு வாங்குவார்.

ஓணத்துக்கு முந்தின நாள் காலை, வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. குதித்து இறங்கியவர் மரியம்மை. முட்டத்துக்காரர், மீன் வியாபாரி, கரையில் மீன் ஏலம் விடுகிறவரும் அவர்தான். குடும்பத்தோடு மூன்று நாள் தங்குவதற்காக மாடி அறையைப் பிடித்து, வாடகை இருபது ரூபாயையும் முன்கூட்டியே கட்டியிருந்தார்.

"பிள்ளையள் எங்கம்மா?" என்றேன்.

"ஒருத்தரும் வரேல தம்பி. விடியக்காலம் சாளை மீனு கூட்டங்கூட்டமா வந்து அடிச்சிருக்கு! கரையில மண்ணு தெரியேல, மீனுதான் தெரியுது. வருசம் முழுக்க காத்துக் கெடந்த மீன்பாடு. உப்பு தீந்துபோச்சு. இந்தா பக்கத்துல புத்தளத்து உப்பளத்துல மூடை ஏத்தணும். கையில இருந்தது லாரிக்கே சரியாப் போச்சு. அந்த இருபது ரூவாயைத் தாங்க, வெயிலு ஏறுனா அம்புட்டும் அழுகிப் போவும்."

எனக்கு மனசு பதறியது. ஊரே வலை இழுத்துக் கொண்டுவந்த மீன், உப்பில்லாமல் மணலில் நாறுவதா? முதலாளி அசையவில்லை. சுவரில் தொங்கிய போர்டைக் காட்டினார்.

"கடைசி நேரத்துல வேண்டாம்னா அட்வான்ஸ் கெடையாது. எழுதிப் போட்டிருக்கு பாரு."

அந்த நேரம் முன்கூடம் நிறையக் கூட்டம். அறை கிடைக்காமல் திருவனந்தபுரத்துக் குடும்பங்கள் பெட்டியும் குழந்தையுமாக நின்றன. முதலாளி ஓர் அதிகாரியைப் பார்த்து, "சார், மாடியில ஒரு ரூம் இப்பம்தான் காலியாச்சு" என்று பல்லைக் காட்டினார்.

மரியம்மை திரும்பினார். "நில்லும் முதலாளி. எனக்க காசு உமக்கு. அப்பம் அறை ஆருக்கு?"

"மூணு நாளைக்கு ஒனக்குத்தான். நீதானே வேண்டாம்னு சொல்லுத?"

"வேண்டாம்னா காசைத் தாரும். காசைத் தராட்டா அறை எனக்கது. தம்பி, சாவியைத் தா."

முதலாளி வாயைத் திறப்பதற்குள் என் கை சாவியைக் கொடுத்துவிட்டது. மரியம்மை அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் ஏறி நின்றார். கடல் இரைச்சலையும் தாண்டிக் கேட்கிற அந்தக் குரல் கிளம்பியது.

"மாடி அறை! மூணு நாளு! சன்னலைத் தொறந்தா கடலு! கேளுங்க, கேளுங்க!"

கூட்டம் சிரித்தது. பிறகு சூடு பிடித்தது. அதிகாரி பத்து என்றார். பின்னாலிருந்து ஒருவர் பதினைந்து என்றார். அதிகாரியின் மனைவி அவர் தோளை இடிக்க, அவர் பதினெட்டுக்குப் போனார். நானும் பரபரத்துப்போய் முதலாளியைப் பார்த்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதிகாலை உயர்த்தி நின்றார். கண்ணில் வாழைக்குலைச் சந்தை தெரிந்தது.

"இருபத்தொண்ணு!" என்று கத்தினார் முதலாளி.

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! முதலாளிக்கே!"

கூடம் அதிர்ந்தது. தன் அறையைத் தானே ஏலம் எடுத்த சங்கதி அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் ஏலத்தில் கேட்ட வாக்கை நாஞ்சில் நாட்டுக்காரன் மாற்றமாட்டான், அதுவும் அத்தனை பேர் பார்க்க. மேசையைத் திறந்து இருபத்தொரு ரூபாயை எடுத்து வைத்தார். மரியம்மை இருபதை எண்ணி எடுத்துக்கொண்டு மிச்ச ஒரு ரூபாயைத் தள்ளிவைத்தார்.

"எனக்க காசு போதும். அறையைக் குடுத்து வாடகை வாங்கிக்கிடும்."

லாரி புத்தளத்துக்குப் பறந்தது. அதிகாரி குடும்பம் மாடியேறியது. வழக்கமான வாடகை இருபது ரூபாய் அன்றைக்கே மேசைக்குத் திரும்பி வந்தது. முதலாளிக்கு ஒரு காசு நட்டமில்லை!

இன்று நுகர்வோர் உரிமை என்று பெரிதாகப் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் தம்பிகளே. அறை காலியாகக் கிடந்தால் நட்டத்தைப் பற்றிப் பேசு, நியாயம். அதே அறையில் வேறு ஆளை ஏற்றிவிட்டால், முதல் ஆளின் காசு உன் காசு இல்லை. ஓர் அறைக்கு இரண்டு வாடகை கிடையாது.

உப்பு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சீசன் முடிந்ததும் மரியம்மை குடும்பத்தோடு வந்தார். முதலாளியே மாடிச் சாவியை எடுத்து நீட்டினார்.

"இன்னொருக்க சாளை அடிச்சா என்ன செய்வீரு முதலாளி?" என்று சிரித்தார் மரியம்மை.

"நீ ஓடிப்போய் மீனைப் பாரு. காசை முதல்லயே தந்திருவேன். இங்க மட்டும் ஏலம் விளிச்சிராதே தாயே, எனக்கு வாயி சும்மா இருக்காது!"