அரைபடாமல் தப்பிய ஊசி

நாகர்கோவிலில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு பழக்கம். எது கையில் கிடைத்தாலும் குட்டிக் கல்லுரலில் அரைத்து, அச்சில் அழுத்தி ‘பெல்லட்’ என்னும் வில்லையாக்கிய பிறகுதான் மின்சாரம் கடத்துமா என்று பார்ப்போம். பீங்கான் வகைகளுக்கு அது சரி. நான் வளர்த்தது வேறு ரகம். இரண்டு கரிமப் பொருட்கள். ஒன்று எலக்ட்ரானைக் கொடுக்கும், மற்றது வாங்கிக்கொள்ளும். அவற்றின் கரைசல்கள் மெதுவாகக் கலந்தால் கறுத்த ஊசிப் படிகங்கள் முளைக்கும். அதில் துளி உலோகம் கிடையாது. ஆனாலும் செம்பைப் போல, குளிரக் குளிர மின்தடை குறையும் என்று படித்திருந்தேன்.

வாரக்கணக்கில் காத்து வளர்த்த அந்த ஊசிகளை என்ன செய்தேன்? அரைத்தேன். குளிர வைத்தால் தடை ஏறியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

“இந்த மாசக் கடைசி வரை பாரும்மா. இல்லேன்னா வேற தலைப்பு எடுத்துக்கோ” என்றார் என் ஆய்வு நெறியாளர். மூன்று வருட உழைப்பு. எனக்கு வந்த ஆத்திரத்தில் கல்லுரலை ஜன்னல் வழியே எறியாமல் இருந்ததே பெரிய காரியம்.

உடன் ஆராய்ச்சி செய்த, குழித்துறை ஊர்க்காரத் தோழி என் குறிப்பேட்டைப் புரட்டினாள்.

“ஏட்டி, எல்லாத்தையும் அரைச்சிட்டியா? எலக்ட்ரான் அந்த ஊசி நீளத்துக்குத்தானே ஓடும்? ரோட்டைக் கொத்திப் போட்டுட்டு பஸ் வரலைன்னு அழுதியா?”

வெட்கம் பிடுங்கித் தின்றது. அடுக்கி வைத்த தோசை போல மூலக்கூறுகள் ஊசியின் நீளவாக்கில் அடுக்காக நிற்கும் என்று நானே வகுப்பெடுத்திருக்கிறேன். பழக்கம் அறிவை விழுங்கிவிட்டது.

படிகம் வளர்த்த குப்பியின் உள்சுவரில் ஒரே ஒரு ஊசி ஒட்டிக்கொண்டிருந்தது. மூச்சை அடக்கி அதை எடுத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகள் நான்கை வெள்ளிப் பசையால் ஒட்டினேன். திரவ நைட்ரஜன், வழக்கம்போல, கால்நடை மருத்துவமனையிலிருந்து வந்தது. சினை ஊசிக்கான காளை விந்தை அதில்தான் வைத்திருப்பார்கள்.

குளிர வைத்தோம். தடை இறங்கியது. மேலும் இறங்கியது. தோழி ஒவ்வொரு எண்ணையும் என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போனாள். கரியும் கந்தகமும் நைட்ரஜனும் ஹைட்ரஜனும்தான் அந்த ஊசி. அது உலோகமாகிக்கொண்டிருந்தது, என் கண் முன்னால். அரைத்துப் போட்ட ஒவ்வொன்றும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

நெறியாளர் வந்தார். திரையில் இறங்கும் எண்களைப் பார்த்தபடியே நின்றார். தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “இன்னொரு தடவை குளிர வை மக்கா, நானும் முதல்லேருந்து பாக்கேன்” என்றார்.