சத்தம் கூட்டினால் நின்றுவிடும் சப்வூஃபர்

என் கணவர் பாகான் டத்தோ பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் வயர்மேனாக இருந்தவர். வேலைக்காலம் முழுவதும் எஞ்சின் அறையின் இரைச்சலுக்குள்தான். ஓய்வு பெற்று நாங்கள் ஈப்போவுக்குக் குடிவந்தபோது அவருக்குக் காது பாதிக்கு மேல் போயிருந்தது. முதலில் குருவிச் சத்தம் போனது. பிறகு வாசல் மணி. அதற்குப் பிறகு என் குரல். காதுக்கருவியைப் போட்டுக்கொண்டு காரில் உட்கார்ந்தால் கீச்சென்று கத்துகிறது என்று கழற்றிப் பையில் வைத்துவிடுவார். தவில், லாரி உறுமல் மாதிரித் தாழ்ந்த சத்தங்கள் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தன.

அதற்காகத்தான் இந்த வயதில் காரில், தாழ்ந்த சத்தத்தை மட்டும் அதிரவைக்கும் சப்வூஃபர் பெட்டி ஒன்றை வாங்கிப் பொருத்தினார். பெட்டியைப் பின்னால் வைத்து, ஆம்ப்ளிஃபயரை முன் சீட்டுக்கு அடியில் தள்ளி, வயர்களைத் தானே இழுத்தார். முதல் முறை சித்தியவானிலுள்ள என் தங்கை வீட்டுக்குப் போகும்போது வழி நெடுகத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார். ஹாரன் சத்தம் கேட்காததால் கார் ஓட்டுவது நான்தான்.

கொஞ்ச நாளில் தொல்லை ஆரம்பித்தது. சத்தம் குறைவாக இருந்தால் அவருக்குக் கேட்காது. அவருக்குக் கேட்கிற அளவுக்குக் கூட்டினால் சப்வூஃபர் நின்றுவிடும். கதவிலிருக்கும் சின்ன ஸ்பீக்கர்கள் எனக்குப் பாடிக்கொண்டே இருக்கும். அவருக்கு மொத்தமும் அடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்ப்பார்.

"பேஸ் நின்னு போச்சா, இல்ல எனக்குத்தான் கேக்கலையா?"

நின்றுவிட்டது என்று கையால் காட்டுவேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

ஆம்பின் பச்சை விளக்கு சிவப்பாக மாறுவதைக் கண்டுபிடித்தார். அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாக நிற்கிறது என்றார். ஆம்பிலுள்ள கெய்ன் திருகைக் குறைத்துப் பார்த்தார். சூடாகிறதோ என்று சீட்டைத் தள்ளிக் காற்று படவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. ஜெலாப்பாங்கில் ஒரு கார் ஆடியோ கடைக்குப் போனோம். ஆம்ப் போய்விட்டது, புதிது போடுங்கள் என்றார் கடைக்காரர். அதை நான் கைப்பேசியில் தட்டிக் காட்ட வேண்டியிருந்தது. படித்துவிட்டு இவர் தலையை ஆட்டி மறுத்தார். "ஆம்ப் நல்லாத்தான் இருக்கு லா. அதுக்கு கரண்ட் பத்தல."

ஒரு மத்தியானம் வீட்டு முன்னால் போனட்டைத் திறந்து பேட்டரியில் மீட்டரை வைத்தார். நான் உள்ளே சத்தத்தைக் கூட்ட வேண்டும். நான் கத்தினாலும் அவருக்குக் கேட்காது. போனட் மறைப்பதால் கையும் தெரியாது. அதனால் சிவப்பு விளக்கு வந்ததும் ஹெட்லைட்டைப் போட்டுக் காட்டச் சொன்னார். அப்படியே செய்தேன். பேட்டரியில் குறையில்லை. கோளாறு நடுவில் எங்கேயோ என்று சொல்லி, சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டைத் தூக்கினார். ஆம்பின் எர்த் வயர் போல்ட்டை, கரண்ட் சரியாகப் போக வழியில்லாமல், பெயிண்ட் மேலேயே முடுக்கியிருந்தார். அதைச் சுற்றித் துருவும் ஏறியிருந்தது. உப்புத்தாளால் தகரம் பளபளக்கும்வரை தேய்த்து மறுபடி முடுக்கினார்.

மறுநாள் சித்தியவானுக்குக் கிளம்பினோம். சத்தத்தை முழுக்க ஏற்றினார். விளக்கு பச்சையிலேயே நின்றது. என் முதுகு அதிர்ந்தது, கண்ணாடி நடுங்கியது. நான் சிரித்தேன். அவர் கதவில் உள்ளங்கையை வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"இது எந்தப் பாட்டு?"

கல்யாணமான புதிதிலிருந்து அவர் போட்டுப் போட்டு எனக்கே அலுத்துப்போன பாட்டு அது. சொன்னேன். கேட்கவில்லை. காரை ஓரமாக நிறுத்தி, காதோடு குனிந்து முதல் வரியைச் சொன்னேன்.

"அதுவா," என்றார். பிறகு, "தாளத்தோட அடி தெரியுது. பாட்டு தெரியல" என்றார்.

காரை எடுத்தேன். அவர் சத்தத்தைக் குறைக்கவில்லை. நானும் குறைக்கச் சொல்லவில்லை.

இப்போதும் போடுகிறார். சிக்னலில் நிற்கும்போது ஓடுகிற பாட்டின் முதல் வரியை அவர் காதில் சொல்கிறேன். தலையாட்டுகிறார். பாட்டு பிடிபட்டுத்தான் ஆட்டுகிறாரா, எனக்காக ஆட்டுகிறாரா, எனக்குத் தெரியவில்லை.