ராமுத்தாய் கேட்டு வாங்கிய பட்டியல்

ராமுத்தாயின் முருங்கைத் தோட்டத்துக்குள் பத்து சென்டில் ஒரு குட்டை உண்டு. புருஷன் இறந்தபின் அதில் ரோகு, கட்லா மீன்களை வளர்த்து, ஞாயிறுதோறும் எரியோடு சந்தைக்குக் கொண்டுபோய் உயிரோடு விற்றுத்தான் நிமிர்ந்தாள். வலையை அவளே வீசுவாள்.

நல்ல மழையில் ஊர்க் குளம் தளும்பியது. அதில் மீன் வளர்க்கும் உரிமை மீனவர் கூட்டுறவுச் சங்கத்தினுடையது. சங்கமோ வெளியூர்க்காரர் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டது. ஊர்க் குளத்து மீன் லாரியேறிப் போக, ஊர்க்காரர்கள் ஐஸில் விறைத்த மீனை வாங்கித் தின்றார்கள்.

பொறுக்காமல், இன்னும் பத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு சங்கத்தில் உறுப்பினராகச் சேரப் போனாள் ராமுத்தாய். தலைவர் உடையப்பன் விண்ணப்பத்தைத் தொடக்கூட இல்லை.

"நீ வெள்ளாமைக்காரி. இது மீன் பிடிக்கிறவுக சங்கம் தாயி."

"பின்ன நான் என்ன கத்திரிக்காயாண்ணே பிடிக்கிறேன்?"

மீன்பிடித் தொழில் என்று கிராம அலுவலரிடம் சான்று வாங்கி வரச் சொன்னார். அலுவலரோ, சங்க அட்டை இருந்தால்தான் சான்று என்றார். ஏழு மாதம் இருவரும் அவளை மாற்றி மாற்றி விரட்டினார்கள்.

கடைசியில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, உறுப்பினர் பட்டியலையும் கடைசிக் கூட்டத்தின் வருகைப் பதிவையும் வாங்கினாள். படிக்கப் படிக்கச் சில பெயர்களைப் பேனாவால் சுழித்துக்கொண்டே வந்தாள்.

கிராம சபையில் எழுந்து நின்றாள்.

"உடையப்பண்ணன் மருமகன். துபாய்ல இருக்காரு. போன மாசம் இங்க கையெழுத்துப் போட்டிருக்காரு. பெரிய ஒச்சுத் தாத்தா. செத்து ஆறு வருசமாச்சு. அவுகளும் போட்டிருக்காக."

யாரோ சிரித்தார்கள்.

"சிரிக்காதீக! செத்தவுக கையெழுத்துப் போடலாம். உசுரோட வலை வீசுற நான் சேரக் கூடாதா?"

மேடையிலிருந்த மீன்வளத் துறை அதிகாரி கைபேசியைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்.

விசாரணை வந்தது. பதினெட்டுப் பொய்ப் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பதினோரு பெண்களுக்கும் அட்டை கிடைத்தது. ஆனால் உடையப்பன் தலைவராகவே இருந்தார். பொய்க் கையெழுத்துக்கு ஒருவர்மீதும் வழக்கில்லை. குத்தகை இன்னும் இரண்டு வருடம் ஓடும் என்றார்கள். அதை நினைத்தால் ராமுத்தாய்க்கு இன்றும் வயிறு எரிகிறது.

முதல் கூட்டத்திலேயே கேட்டாள்: "அடுத்த தடவை குளம் வெளியாளுக்குப் போகக் கூடாது. தீர்மானம் எழுதுங்க."

"பாப்போம் தாயி," என்றார் உடையப்பன்.

"என்னத்தப் பாக்கப் போறீக? இப்ப எழுதுங்க."

அவர் பேனாவைத் திறக்கும்வரை பதினோரு பேரும் எழுந்திருக்கவில்லை.