மகளுக்கு ஒரே பெயர்

எனக்கு இரண்டு பெயர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒன்று, மற்ற நாட்களில் வேறொன்று. முதலாவது ஞானஸ்நானத்தின்போது சாமியார் வைத்த ஒரு புனிதையின் பெயர். இரண்டாவது, பள்ளியில் சேர்க்கப் போன அன்று தலைமையாசிரியர் சொல்ல, அப்பா தலையாட்டி ஏற்றுக்கொண்ட ஓர் அம்மனின் பெயர். எங்கள் சனத்தில் இது வழக்கம்தான். பரம்பரையாகத் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள் நாங்கள். வேதத்தில் சேர்ந்த பிறகும் சாதி எங்களை விட்டுப் போகவில்லை. ஆனால் கிறிஸ்தவர் என்று எழுதிக்கொடுத்தால் எங்களுக்கு உரிய சாதிச் சான்றிதழ் கிடைக்காது, படிப்புச் சலுகையும் போய்விடும். அதனால் சாமிக்கு ஒரு பேர், சர்க்காருக்கு ஒரு பேர்.

என் கல்யாணத்துக்கே இரண்டு பத்திரிகை அடித்தோம். சொந்தக்காரர்களுக்குக் கொடுத்ததில் சிலுவை போட்டு ஒரு மணப்பெண். பீளமேட்டில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் கொடுத்ததில் குத்துவிளக்கு போட்டு வேறொரு மணப்பெண். என்னோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி மண்டப வாசலில் இருந்த பெயரைப் படித்துவிட்டு, இடம் மாறி வந்துவிட்டோம் என்று திரும்பிப் போய்விட்டாள். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நான் அன்றைக்குத் தீர்மானித்தேன், எனக்குப் பிறக்கும் பிள்ளைக்கு ஒரே பெயர்தான்.

போன வருடம் மகள் பிறந்தாள். அவளுக்கான பெயர் அதற்கு வெகு முன்பே என்னிடம் தயாராக இருந்தது. அம்மனும் இல்லை, புனிதையும் இல்லை. மழையைக் குறிக்கும் பழைய தமிழ்ச் சொல் ஒன்று. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். யாரிடமும் கேட்காமல், படித்த படிப்பிலிருந்து நானே எடுத்த பெயர் அது. அதில் ஒரு ழகரம் வரும். சிங்காநல்லூர் வாடகை வீட்டில், தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் அதை இங்கிலீஷில் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

லேத் பட்டறையிலிருந்து வந்த கணவர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்புள்ள, இசட்டெல்லாம் போட்டிருக்கறே. மருந்துக் கம்பெனி பேராட்ட இருக்குது."

"ழ-வுக்கு அப்படித்தானுங்க எழுதோணும்."

"எப்படி எழுதினாலும் நம்ம சனம் ல-ன்னுதான் கூப்பிடும்."

"கூப்பிடட்டும். ஒரு பேரைத்தானே கூப்பிடுவாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து அப்பா வந்தார். பேத்தியை மடியில் வாங்கிக்கொண்டு பெயரைக் கேட்டார். சொன்னேன்.

"இது எந்தச் சாமி பேரு அம்மணி?"

"எந்தச் சாமி பேரும் இல்லீங்கப்பா. தமிழ்ப் பேரு."

"சான்றிதழ் குடுக்கறவன் சும்மா உடுவானா? அம்மன் பேருன்னா வாயைத் தொறக்க மாட்டான். இப்படி வெச்சா எந்த மதம்னு தோண்டுவான். ஞாயித்துக்கெழம எங்க போறாங்கன்னு அக்கம்பக்கத்துல விசாரிச்சுப்போட்டான்னா முடிஞ்சுது."

"நாங்க ரெண்டு பேரும் சம்பாரிக்கறோமுங்கப்பா. சலுகை இல்லாமயே படிக்க வெச்சுக்கறோம்."

"எத்தன நாளைக்குக் கண்ணு? மாப்பிள்ள பட்டறையில ஆர்டர் இல்லாம வாரத்துல மூணு நாளு கரண்டு சுச்சே போடறதில்லீங்கறாங்க." கணவர் தரையைப் பார்த்தார். அப்பா குரலைத் தாழ்த்தினார். "உனக்கு வெச்ச அம்மன் பேரு இல்லீன்னா நீ எவன் தோட்டத்துலயோ களை வெட்டிட்டு இருந்திருப்பே. இன்னிக்கு இங்கிலீசுல மூணு தினுசா எழுதிப் பாக்கறே."

நான் எதை வைத்து வாதாடினாலும் அது அந்தப் பெயர் வாங்கிக் கொடுத்ததாகவே இருந்தது.

அப்பா கிளம்பிப் போனபின் கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "பேப்பருக்கு மாமா சொல்றபடியே வெச்சுக்கலாம். கோயிலுக்கு எங்கம்மா பேரு வெக்கட்டுமா?" அவர் அம்மா எங்கள் கல்யாணத்தைப் பார்க்காமலே போனவர். சரி என்றேன். அவருக்கு என் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. "உன்ற பேரை ஊட்டுல கூப்பிட்டுக்கலாம் புள்ள. மூணு பேரு இருந்தா என்ன?"

பரிவாகத்தான் சொன்னார். எனக்கு இரண்டையே சுமக்க முடியவில்லை. மகளுக்கு மூன்றாவதாக ஒன்றை ஏற்றி வைக்க நான் யார்? வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெயரை அதற்குப் பிறகு நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

கோயிலில் தண்ணீர் ஊற்றி ஒரு பெயர் சொன்னார்கள். சர்க்கார் அலுவலகத்தில் இன்னொரு பெயரைப் பதிந்தார்கள். இங்கிலீஷில் எப்படி என்று கேட்டபோது, ஒவ்வொரு எழுத்தாக நானே சொன்னேன். தவறில்லாமல் அச்சாகி வந்தது. வீட்டில் பாப்பா என்று மட்டும் கூப்பிட்டோம்.

அடுத்த தடுப்பூசிக்கு மகளைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். பெஞ்சு நிறையத் தாய்மார்கள். நர்சு வாசலில் வந்து நின்று ஒரு பெயரைக் கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். எந்தக் குழந்தையோ என்று எல்லாரையும் போல நானும் திரும்பிப் பார்த்தேன்.

"ஏனுங், யாரு பாப்பாங்க இது? வராட்டி அடுத்த ஆளைக் கூப்புட்டுப்போடுவேன்."

"வெளிய போயிருப்பாங்களாட்ட இருக்குதுங்க" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

அப்புறம்தான் உறைத்தது. எழுந்து போனேன்.

"பெத்த புள்ள பேரே தெரியலீங்களா அம்மணி?" என்றார் நர்சு.

மகளின் தொடையை அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டேன்.